கழுகு ஏன் பறந்து போய்விடவில்லை? கஜக் மக்களின் கழுகு வேட்டை, எளிய விளக்கம்

குளிர்கால அல்தாய் மலை. பனி மூடிய முகட்டில் ஒருவர் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய வலது கையில் ஒரு பெரிய கழுகு. அதன் தலையில் கண்ணை மறைக்கும் தோல் குல்லாய். கீழே சரிவில் ஒரு நரி ஓடுகிறது. குல்லாயைக் கழற்றுகிறார். கழுகு ஒரு முறை தலையைத் திருப்பிப் பார்க்கிறது, சிறகை விரிக்கிறது, கிளம்பிவிடுகிறது. காலில் தொங்கும் தோல்வார் எதோடும் கட்டப்பட்டிருக்கவில்லை. சிறகு வெட்டப்படவில்லை. எதிரே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மலையும் வானமும்தான்.

அது ஏன் அப்படியே பறந்து போய்விடவில்லை?

இந்த மாதிரி வீடியோக்கள் நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றுகின்றன. கூடவே இரண்டு விளக்கங்களும் வரும். ஒன்று, "எஜமான் மேல் அதற்கு அவ்வளவு பாசம்." இன்னொன்று, "அடித்து உதைத்து அடக்கி வைத்திருக்கிறார்கள், பாவம்." இரண்டுமே அங்கே நடப்பதை விளக்கவில்லை. உண்மையான விளக்கம் இந்த இரண்டையும்விட எளிமையானது, எனக்கு அவற்றைவிட அழகாகவும் படுகிறது. அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

யார், எங்கே, எந்தக் கழுகு

முதலில் பெயர்கள். படங்களுக்குக் கீழே பெரும்பாலும் "மங்கோலிய வேட்டைக்காரர்" என்றுதான் போட்டிருக்கும். நாடு மங்கோலியா என்பது சரி. ஆனால் அந்த மனிதர் கஜக் இனத்தவர். மங்கோலியாவின் மேற்குக் கோடியில், ரஷ்யாவும் சீனாவும் வந்து தொடும் மூலையில், பயன்-ஒல்கி என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அங்கே பெரும்பான்மையோர் கஜக் மக்கள். கஜக் மொழி பேசும் முஸ்லிம்கள். 1860களில் தொடங்கி மந்தைகளை ஓட்டிக்கொண்டு மலையைக் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். கஜகஸ்தானிலும் சீனாவின் சின்ஜியாங்கிலும் வாழும் கஜக் மக்களிடமும், பக்கத்துக் கிர்கிஸ் மக்களிடமும் இதே வேட்டை உண்டு.

பறவையின் பெயர் பொன்னாங்கழுகு. பிடரி இறகுகள் பொன்நிறத்தில் மின்னுவதால் அந்தப் பெயர். பேச்சுத் தமிழில் பிணந்தின்னிப் பறவையையும் கழுகு என்றே சொல்லிவிடுகிறோம். இது அது இல்லை. உயிருள்ள இரையைத் துரத்திப் பிடிக்கும் பறவை இது. நம் இமயமலையிலும் இருக்கிறது. சிறகை விரித்தால் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஏறக்குறைய 2 மீட்டர். பின்விரலின் நகம் மட்டுமே 5 செ.மீ. அளவுக்கு நீண்டிருக்கும்.

கஜக் மொழியில் இந்தக் கழுகுக்கு பூர்கித் என்று பெயர். அதை வைத்து வேட்டையாடுபவர் பூர்கித்ஷி. நாம் மாட்டுக்காரர், வண்டிக்காரர் என்கிறோமே, அந்தக் "காரர்" வேலையை அங்கே "ஷி" செய்கிறது. ஆகவே பூர்கித்ஷி என்றால் கழுகுக்காரர்.

கழுகுக்காரர்கள் பெரும்பாலும் பெண் கழுகைத்தான் விரும்புவார்கள். இரைகொல்லிப் பறவைகளில் ஆணைவிடப் பெண்தான் பெரியது. பெண் பொன்னாங்கழுகு 4 கிலோவிலிருந்து 6 கிலோவுக்கு மேலும் போகும். ஆண் 3, 4 கிலோவில் நின்றுவிடும். நரியைத் தரையில் அமுக்கிப் பிடிக்க அந்தக் கூடுதல் எடை தேவை.

வளர்ப்பு வேறு, பழக்கம் வேறு

வீட்டில் ஆடு, மாடு, கோழி, நாய் இருக்கின்றன. இவை எல்லாம் வளர்ப்பு விலங்குகள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக, தலைமுறை தலைமுறையாக, மனிதனோடு ஒத்துப்போகும் குட்டிகளையே தேர்ந்தெடுத்து இனம் பெருக்கியதால் அவற்றின் இயல்பே மாறிவிட்டது. நாய்க்குட்டி பிறக்கும்போதே மனிதனை அண்டி வாழத் தயாராகப் பிறக்கிறது.

யானை அப்படி இல்லை. காட்டில் பிறந்த ஒரு யானையைப் பிடித்துப் பழக்கிக் கும்கி ஆக்குகிறார்கள். அந்த ஒரு யானை பழகுகிறது, அவ்வளவுதான். யானை என்ற இனம் மாறவில்லை. அடுத்த யானையோடு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கழுகும் அந்த வகைதான். ஒவ்வொரு பூர்கித்தும் காட்டுப் பறவையாகத்தான் வருகிறது. சிலவற்றைக் குஞ்சாக இருக்கும்போதே பாறை இடுக்கில் உள்ள கூட்டிலிருந்து எடுத்து வருவார்கள். அப்படி வந்த கழுகைக் கொல்பாலா என்பார்கள். "கொல்" என்றால் கை, "பாலா" என்றால் பிள்ளை. நம் கைக்குழந்தையேதான்! இன்னும் சிலவற்றை, பறக்கக் கற்று ஓரளவு தானே வேட்டையாடத் தொடங்கிய பிறகு வலை வைத்துப் பிடிப்பார்கள். கைக்குழந்தையாக வந்தது மனிதனோடு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், ஆனால் வேட்டையை அதற்குக் கற்றுத்தர வேண்டும். வலையில் பிடித்ததற்கு வேட்டை தெரியும், மனிதனைத்தான் பழக்க வேண்டும்.

யானைக்கும் கழுகுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. யானையைச் சங்கிலியாலும் அங்குசத்தாலும் நிறுத்தி வைக்கலாம். கழுகையோ வேட்டையின் ஒவ்வொரு முறையும் முழுசாக அவிழ்த்துவிட்டே ஆக வேண்டும். பயமுறுத்தி வைத்திருந்தால் முதல் முறை விட்டதோடு சரி, அது போய்விடும். அதனால்தான் "அடித்து அடக்கியது" என்ற விளக்கம் நிற்காது.

நாயைப் போல நம்மைத் திருப்திப்படுத்த வேண்டும் என்ற எண்ணமும் கழுகுக்கு வராது. நாய் கூட்டமாக வாழ்ந்த விலங்கின் வாரிசு. தலைவனின் முகம் பார்த்து நடப்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. பொன்னாங்கழுகு தனியாகவோ இணையோடோ வாழும் பறவை. அதற்குத் தலைவன் என்று யாரும் கிடையாது. அதனால் தட்டிக்கொடுத்தால் மகிழாது, திட்டினால் திருந்தாது. தண்டித்தால் "இந்த மனிதன் ஆபத்தானவன்" என்ற ஒன்றை மட்டும்தான் கற்றுக்கொள்ளும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: கழுகு வளர்ப்புப் பறவை இல்லை, பழக்கப்பட்ட காட்டுப் பறவை. அதை மிரட்டவும் முடியாது, பணிய வைக்கவும் முடியாது. அப்படியானால் எதை வைத்துத்தான் பழக்குகிறார்கள்?

மொட்டை மாடிக் காக்கை

தினமும் காலையில் சமைத்ததும் மாடிச் சுவரில் ஒரு பிடி சோறு வைத்து "கா... கா..." என்று கூப்பிடுகிற வீடுகள் நம் ஊரில் எத்தனையோ. சில நாளிலேயே காக்கை அந்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிடும். கூப்பிடும் குரலை அடையாளம் வைத்துக்கொள்ளும். அந்த வீட்டு அம்மா கை நீட்டினால் பறந்தோடாமல் ஒதுங்கி நிற்கும். யாரும் அதைக் கட்டிப் போடவில்லை. குரல் கேட்டால் சோறு, வந்தால் ஆபத்தில்லை. இந்த இரண்டும் நாள் தவறாமல் நடந்ததால் வந்த பழக்கம் அது.

கழுகைப் பழக்குவதன் அடிப்படை இதுதான். ஒரு செயலைச் செய்தவுடன் நல்ல பலன் கிடைத்தால் உயிரினம் அந்தச் செயலைத் திரும்பச் செய்யும். உளவியலில் இதற்கு நேர்மறை வலுவூட்டல் என்று பெயர். கையுறைக்கு வந்தால் இறைச்சி. கூவலைக் கேட்டு வந்தால் இறைச்சி. நரித்தோலைத் தாக்கினால் இறைச்சி. இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

இதில் நம்பிக்கைக்கு இடம் உண்டு, நிறையவே உண்டு. கூப்பிட்டுவிட்டு ஒரு நாள் ஏமாற்றினால், கையில் இறைச்சி இல்லாமல் வெறுமனே வரவழைத்தால், கழுகு அதைக் கவனித்துவிடும். அதனால் நல்ல பூர்கித்ஷி தன் பறவையிடம் பொய் சொல்வதில்லை. இதைப் பாசம் என்று சொல்வதா? மனிதரின் பக்கம் அது நிச்சயமாகப் பாசம்தான். கழுகின் பக்கம் அதைப் பரிச்சயம் என்று சொல்வேன். இவர் கையில் ஆபத்து இல்லை, சாப்பாடு உண்டு என்ற தெளிவு அதற்கு இருக்கிறது. அந்தத் தெளிவை ஒரு காட்டுப் பறவையிடம் உண்டாக்குவதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

பசியின் அளவு

அமாவாசை அன்று என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தெருவில் எல்லா வீட்டிலும் இலை போட்டுச் சோறு வைத்திருப்பார்கள். நாமும் வைத்துவிட்டுக் கூவிக்கொண்டே நிற்போம். காக்கை வராது. நம் மேல் அதற்குக் கோபமில்லை. முந்தின நாலு வீட்டிலேயே வயிறு நிறைந்துவிட்டது.

கழுகுக்கும் இதே கணக்குதான். இன்னும் கூடுதலாகவே பொருந்தும். காட்டில் ஒரு பெரிய இரையை வயிறார உண்ட கழுகு அடுத்த சில நாள் வேட்டைக்கே போகாமல் உட்கார்ந்திருக்கும். வயிறு நிறைந்த கழுகைக் கையில் எடுத்துக்கொண்டு மலைக்குப் போய் விட்டால் அது நரியைப் பார்க்காது, கூப்பிட்டாலும் வராது. எதிர் மலையில் போய் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருக்கும். ஒரேயடியாகப் போய்விட்ட கழுகுகளும் உண்டு. ஆக, "ஏன் பறந்து போகவில்லை" என்ற கேள்விக்கு முதல் பதிலே, சில நேரம் போய்விடுகிறது என்பதுதான்.

அப்படியென்றால் பட்டினி போட வேண்டியதுதானா? அதுதான் இல்லை. இளைத்துப்போன கழுகுக்கு நரியை அமுக்கும் வலு இருக்காது. உறைபனிக் குளிரில் அது செத்தும் போகலாம். கொழுப்பும் கூடாது, மெலிவும் கூடாது. நடுவில் ஒரு குறுகிய இடம் இருக்கிறது. தசை வலுவாக இருக்க வேண்டும், பசியும் விழித்திருக்க வேண்டும். அந்த நிலையைக் கஜக் மொழியில் பாப் என்கிறார்கள். கழுகு பாப் நிலைக்கு வந்துவிட்டதா என்று பார்க்கத் தராசு தேவையில்லை. மார்பு எலும்பின் இரண்டு பக்கமும் விரலை வைத்து அழுத்திப் பார்ப்பார்கள். எலும்பு எவ்வளவு துருத்துகிறது, சதை எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று விரல் சொல்லிவிடும். தசைக்குள் விரல் எவ்வளவு அமிழலாம் என்பதைப் பையன்கள் அப்பாவின் பக்கத்தில் நின்று, தொட்டுத் தொட்டுத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

இந்த இடத்தில் அவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் ஓர் உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. இறைச்சியைத் துண்டு போட்டுத் தண்ணீரில் ஊற வைத்து அலசுவார்கள். ரத்தமும் சத்தும் வெளியேறி இறைச்சி வெளுத்துப் போகும். இதற்கு அக் ஜெம் என்று பெயர். "அக்" என்றால் வெள்ளை, "ஜெம்" என்றால் தீனி. அலசாத, ரத்தத்தோடு இருக்கும் இறைச்சி கிசில் ஜெம், அதாவது சிவப்புத் தீனி. வெள்ளைத் தீனியைத் தின்றால் கழுத்துக்குக் கீழே இருக்கும் தீனிப்பை நிரம்பும், சாப்பிட்ட நிறைவு வரும், ஆனால் கொழுப்பு ஏறாது. சிவப்புத் தீனி வலுவைத் தரும். வேட்டைக்கு முந்தின நாட்களில் எந்தத் தீனி, எவ்வளவு, எப்போது என்பதுதான் கழுகுக்காரரின் முழு வித்தை. வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்குப் பறப்பது மட்டும் தெரிகிறது. அந்தப் பறத்தல் தீர்மானிக்கப்படுவது வீட்டில், இறைச்சி ஊறும் அந்தப் பாத்திரத்தில்.

தோல் குல்லாய் எதற்கு

கண்ணை மூடி வைப்பதைப் பார்த்துப் பலரும் மனம் கலங்குகிறார்கள். குல்லாயின் கஜக் பெயர் தொமகா.

கிராமத்தில் கோழி வளர்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. பகலில் ஒரு கோழியைப் பிடிக்கத் தெருவெல்லாம் ஓட வேண்டும். இருட்டின பிறகு கூண்டில் கை விட்டால் பேசாமல் கையில் வந்துவிடும். பறவைக்குப் பயமும் பதற்றமும் பெரும்பாலும் கண் வழியாக வருகின்றன. பார்வை அடங்கினால் உடம்பும் அடங்கிவிடும்.

கழுகுக்கு இது இன்னும் அதிகம். 5 கிலோ பறவையின் கண் ஏறத்தாழ நம் கண் அளவுக்கு இருக்கிறது. அந்தக் கண்ணில் தூரத்து நாய், ஓடும் ஆட்டுக்குட்டி, இன்னொரு வேட்டைக்காரரின் கழுகு என்று எல்லாம் விழும். ஒவ்வொன்றுக்கும் பாய முயன்று சிறகடித்துக்கொண்டே இருந்தால் இறகு ஒடியும், பலம் வீணாகும். தொமகா போட்டதும் அது அமைதியாகக் கையில் உட்கார்ந்து பயணம் செய்கிறது. மேலும், கழற்றியதும் கண்ணில் விழும் முதல் அசைவு நரியாக இருந்தால் அதன் முழுக் கவனமும் அங்கேயே போகும்.

மற்றச் சாமான்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பியலாய் என்பது தடித்த தோல் கையுறை. பல்தாக் என்பது சேணத்தில் பொருத்திய, கவை போன்ற மரத்தாங்கி. 5, 6 கிலோ பறவையை நீட்டிய கையில் நாள் முழுக்கச் சுமக்க யாராலும் முடியாது. கையை அந்தக் கவையில் வைத்துக்கொள்வார்கள். ஐரோப்பியர்கள் வழக்கமாக இடது கையில் வேட்டைப் பறவையை ஏந்துவார்கள். கஜக் மக்கள் ஏந்துவது வலது கையில்.

பழக்கும் நாட்கள்

புதிதாகப் பிடித்த கழுகின் முதல் சில நாட்கள் இதமானவை என்று சொல்ல மாட்டேன். தொமகா போட்டு, தொங்கும் கயிற்றில் ஊசலாடும் கட்டையில் உட்கார வைப்பார்கள். கட்டை ஆடிக்கொண்டே இருப்பதால் அது தூங்க முடியாது, சமநிலை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரவெல்லாம் பக்கத்தில் ஆள் உட்கார்ந்து பேசுவார்கள், பாடுவார்கள். பறவை களைத்து, எதிர்ப்பைக் கைவிட்டு, முதன்முதலாக மனிதன் கையிலிருந்து ஒரு துண்டு இறைச்சியை வாங்கும். இந்தக் கட்டம் கடுமையானதுதான். பாரம்பரியம் என்பதற்காக அதை மென்மையாக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த முதல் துண்டுக்குப் பிறகு எல்லாம் பொறுமைதான். முதலில் கையில் உட்கார்ந்தபடி தின்னும். அப்புறம் பக்கத்துக் கட்டையிலிருந்து கைக்கு ஓர் எட்டு. நாளுக்கு நாள் தூரம் கூடும், காலில் நீண்ட கயிறு இருக்கும். ஒவ்வொரு முறையும் அதே குரல், அதே கூவல். நடுவில் வீட்டுச் சத்தம், குழந்தைகள், நாய், குதிரை எல்லாவற்றுக்கும் அது பழக வேண்டும். கழுகின் பக்கத்தில் குதிரையும் பழக வேண்டும் என்பதைச் சொல்லியாக வேண்டும். முதுகின் மேல் இவ்வளவு பெரிய பறவை சிறகடிக்கும்போது மிரளாத குதிரை எளிதில் கிடைக்காது.

கடைசியில் ஷிர்கா வருகிறது. ஷிர்கா என்றால் பொய் இரை. நரித்தோலில் இறைச்சியைக் கட்டி, கயிற்றில் கோத்துக் குதிரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். கழுகு பாய்ந்து பிடித்தால் அங்கேயே விருந்து. நரி போல ஓடுவதைப் பிடித்தால் சாப்பாடு என்று அது புரிந்துகொண்ட பிறகு ஒரு நாள் கயிற்றை அவிழ்த்துவிடுகிறார்கள்.

வேட்டையில் என்ன நடக்கிறது

வேட்டை குளிர்காலத்தில் மட்டும்தான். நரியின் ரோமம் அப்போதுதான் அடர்த்தியாக இருக்கும். இந்த வேட்டையின் முக்கிய நோக்கம் அந்தத் தோல்தான், இறைச்சி இல்லை. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரிக்கும் போகும் ஊரில், காது மூடும் நரித்தோல் தொப்பி அலங்காரத்துக்கு மட்டும் போடுவது கிடையாது. அந்தத் தொப்பிக்குத் திமாக் என்று பெயர். முயலையும் பிடிப்பார்கள். ஓநாயைப் பிடித்த கழுகுகளின் கதைகள் தலைமுறை தாண்டியும் பேசப்படுகின்றன. அது அபூர்வம் என்பதாலேயே பேசப்படுகின்றன. ஓநாயோடு மோதினால் கழுகுக்கே உயிராபத்து. அன்றாட இரை நரிதான்.

புதுப்பனி விழுந்த மறுநாள் காலை மிகச் சிறந்த நேரம். பழைய தடங்கள் எல்லாம் மூடிப்போய், இரவில் நடந்த நரியின் காலடி மட்டும் பளிச்சென்று தெரியும். அந்த நாளுக்குக் கன்சோனார் என்று தனிப்பெயரே உண்டு. கழுகுக்காரர் முகட்டில் நிற்பார். துணைக்கு வந்தவர் கீழே பள்ளத்தாக்கில் சத்தமிட்டுக்கொண்டே போய் நரியைக் கிளப்புவார். உயரத்திலிருந்து விட்டால் கழுகு மேலே ஏறப் பாடுபட வேண்டியதில்லை. சரிவில் இறங்கும் வேகமே அதற்கு ஆயுதம்.

இங்கேதான் மிகப் பெரிய தவறான எண்ணம் ஒன்று இருக்கிறது. கழுகு நரியைத் தூக்கிக்கொண்டு வந்து எஜமானின் காலடியில் போடும் என்று பலரும் நினைக்கிறார்கள். நரி 4 முதல் 7 கிலோ வரை இருக்கும், ஏறக்குறைய கழுகின் எடை அல்லது அதற்கும் மேல். தூக்கிப் பறக்க முடியாது. தன் இரையைக் கொண்டுபோய் இன்னொருவரிடம் கொடுப்பதும் அதன் இயல்பில் இல்லை.

உண்மையில் நடப்பது இது. கழுகு ஒரு காலால் நரியின் முகத்தையும் இன்னொரு காலால் முதுகையும் பற்றித் தரையோடு அமுக்குகிறது. முகத்தைப் பிடிப்பது முக்கியம், பிடி தவறினால் நரி அதன் காலைக் கடித்துக் குதறிவிடும். கழுகுக்காரர் குதிரையைத் தட்டிவிட்டு, பனிச்சரிவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடுகிறார். போய்ச் சேர்ந்ததும் நரியின் உயிரை விரைவாக முடிக்கிறார். பிறகு கழுகின் முன்னால் மெல்லக் குனிந்து, பையிலிருந்து ஒரு சிவந்த இறைச்சித் துண்டை எடுத்துக் கையுறையில் வைத்து நீட்டுகிறார். கழுகு நரியின் மேல் இறகை விரித்து மூடியபடி நிற்கிறது. இறைச்சியைப் பார்க்கிறது. நகங்கள் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. ஒரு கால் கையுறைக்கு வருகிறது. அப்புறம் இன்னொரு கால்.

இது ஒரு பண்டமாற்று. காலுக்கடியில் கிடக்கும் நரியைவிடக் கையுறையில் இருக்கும் துண்டு எளிது, நிச்சயம். அந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் சரியாக வருவதால் கழுகு அடுத்த முறையும் வருகிறது. கழுகு திரும்பி வரவில்லை, மனிதர்தான் அதனிடம் போகிறார் என்றுகூடச் சொல்லலாம்.

இதுவரை பார்த்தவை: பலன் தந்து பழக்குவது, பசியை நுட்பமாக அளப்பது, பார்வையை மூடி அமைதிப்படுத்துவது, கடைசியில் ஒரு பண்டமாற்று. இந்த நான்கும் சேர்ந்ததுதான் கழுகு வேட்டை.

கோடையும் ஒரு வாட்ஸ்அப் கதையும்

கோடையில் வேட்டை கிடையாது. கழுகுக்கு நன்றாகத் தீனி கொடுத்துக் கொழுக்க விடுவார்கள். பழைய இறகுகள் சில சில உதிர்ந்து புது இறகு முளைக்கும் காலம் அது. இலையுதிர் காலம் வந்ததும் மீண்டும் வெள்ளைத் தீனி, ஷிர்கா என்று பாப் நிலைக்குக் கொண்டுவருவார்கள். முந்தின ஆண்டு பழகிய பறவைக்குக்கூட ஒவ்வொரு ஆண்டும் இந்த வேலை இருக்கிறது.

இதைப் படித்ததும் உங்களுக்கு இன்னொரு கதை நினைவுக்கு வந்திருக்கும். கழுகு 40 வயதில் மலையுச்சிக்குப் போய்த் தன் அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகத்தைப் பிடுங்கி, இறகைப் பிய்த்து, 150 நாள் காத்திருந்து புதுப்பிறவி எடுத்து 70 வயது வரை வாழும் என்ற கதை. தன்னம்பிக்கை மேடைகளில் எத்தனையோ முறை கேட்டாயிற்று. இது உண்மை இல்லை. அலகு உடைந்த கழுகால் இறைச்சியைக் கிழிக்க முடியாது. 150 நாளெல்லாம் அது பட்டினி தாங்காது. அலகும் நகமும் நம் நகத்தைப் போல வளர்ந்துகொண்டே, தேய்ந்துகொண்டே இருப்பவை. கட்டி வைத்திருக்கும் கழுகுக்கு அவை சரியாகத் தேயாமல் நீண்டுவிட்டால் வளர்ப்பவரே பக்குவமாகச் சீவிவிடுவார். இந்தப் பறவையின் உண்மையான வாழ்க்கையே இவ்வளவு வியப்பாக இருக்கும்போது அந்தக் கதை நமக்கு எதற்கு?

திருவிழாவில் பார்ப்பது

13ஆம் நூற்றாண்டில் குப்ளாய் கானின் அவையைப் பற்றிச் சொன்ன மார்கோ போலோவே, ஓநாய் பிடிக்கப் பழக்கிய கழுகுகளைக் குறிப்பிடுகிறார். பழமையான கலை என்பதில் ஐயமில்லை. ஆனால் அது இடைவெளி இல்லாமல் தொடர்ந்தது என்று சொல்ல முடியாது. சோவியத் காலத்தில், 1930களின் தொடக்கத்தில், கஜகஸ்தானின் மந்தைகள் பறிமுதல் செய்யப்பட்டுக் கூட்டுப்பண்ணைகளில் சேர்க்கப்பட்டன. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆடும் குதிரையும் போன வீட்டில் கழுகுக்கு இறைச்சி ஏது? அங்கே தேய்ந்துபோன கலை, மலைக்கு இந்தப் பக்கம், பயன்-ஒல்கியில் பிழைத்தது. 1991இல் கஜகஸ்தான் சுதந்திர நாடானது, அடுத்த ஆண்டே கொடியில் சூரியனுக்குக் கீழே ஒரு கழுகு வந்தது. கழுகுக்காரர்களும் மெல்ல மெல்லப் பெருகினார்கள்.

பயன்-ஒல்கியில் 1999 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் பொன்னாங்கழுகுத் திருவிழா நடக்கிறது. உலகம் பார்க்கும் பெரும்பாலான படங்கள் அங்கே எடுத்தவை. குன்றிலிருந்து விட்ட கழுகு எவ்வளவு வேகமாகக் கைக்கு வருகிறது, இழுத்துச் செல்லும் ஷிர்காவை எப்படித் தாக்குகிறது என்று மதிப்பெண் போடுவார்கள். இது போட்டி. வேட்டை, அதற்குப் பிறகு, பார்வையாளர்கள் எல்லோரும் ஊருக்குத் திரும்பிய பின் பனியில் தொடங்குவது.

2014இல் 13 வயது ஐஷோல்பான் நுர்காய்வ் இந்தத் திருவிழாவில் வென்றபோது, கழுகு வேட்டைக்கு வந்த முதல் பெண் என்று உலகமெங்கும் எழுதினார்கள். அவர் சாதித்தது பெரிய விஷயம், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் "முதல் பெண்" என்பது தவறு. கஜகஸ்தானில் மக்பால் அப்த்ராசகோவா அதற்கு முன்பே கழுகோடு போட்டிகளில் இறங்கியவர். தந்தையிடம் கற்று வந்தவர்தான் அவரும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தருக்குப் பக்கத்தில், தெரெல்ஜ் போகும் சாலையோரத்தில், கட்டையில் கட்டி வைத்த கழுகுகளைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொள்ளலாம், காசு கொடுத்தால் போதும். அந்தப் பறவைகள் வேட்டைக்குப் போவதில்லை. அதைப் பார்த்துவிட்டு பூர்கித்ஷிகளை எடை போடுவது அநியாயம். அதே சமயம், வேட்டைக்கே கொண்டுபோகாமல் படத்துக்காக மட்டும் கழுகு வைத்திருப்பவர்கள் பெருகினால் இந்தக் கலை உள்ளுக்குள் வெறுமையாகிவிடும் என்பதே என் கவலை. 2010இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் பறவையை வைத்து வேட்டையாடும் கலையைச் சேர்த்தபோது மங்கோலியா அதில் இருந்தது, 2016இல் கஜகஸ்தானும் இணைந்தது. ஆனால் ஒரு பட்டியலால் மார்பு எலும்பைத் தொட்டுப் பார்க்கும் விரலைப் பயிற்றுவிக்க முடியாது.

விடை கொடுப்பது

பொன்னாங்கழுகு 30 ஆண்டுகூட வாழும். பூர்கித்ஷி அதைக் கடைசி வரை வைத்துக்கொள்வது மரபு இல்லை. சில குளிர்காலங்கள் கழிந்ததும், சிலர் பத்து ஆண்டு வரைகூட வைத்திருந்தும், ஒரு வசந்த காலத்தில் அதைக் காட்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள். இணை தேடிக் கூடு கட்டும் வயது அதற்கு வந்துவிட்டது, அந்த உரிமை அதற்கு உண்டு என்பது அவர்கள் கருத்து.

ஆட்டை அறுத்துக் குதிரையில் ஏற்றிக்கொண்டு, வீட்டிலிருந்து வெகு தூரத்தில் உள்ள மலைக்குப் போகிறார்கள். ஆட்டை ஒரு பாறையில் வைக்கிறார்கள், பிரிவுக்கான சீர் அது. தொமகாவைக் கழற்றுகிறார்கள். காலில் இத்தனை ஆண்டு கிடந்த தோல்வாரைக் கத்தியால் அறுத்து எடுக்கிறார்கள். கழுகு உண்ணத் தொடங்கியதும் சத்தமில்லாமல் குதிரையைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

அவ்வளவு தூரம் கொண்டுபோவதற்குக் காரணம் இருக்கிறது. பக்கத்தில் விட்டால் அது வீட்டுக்கே திரும்பி வந்து, பழைய கட்டையில் உட்கார்ந்துவிடும்.